மீட்டிய பிறகு

1966-ம் ஆண்டு. லண்டன் வெஸ்ட் ஹாம்ஸ்டெட் பகுதியில் இருந்த டெக்கா ஸ்டூடியோவுக்கு ஜான் மேயாலின் புளூஸ் குழு ஓர் இசைத்தட்டைப் பதிவுசெய்ய வந்திருந்தது. குழுவின் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனுக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது. கையில் கிப்சன் லெஸ் பால் கிதார், எதிரே மார்ஷல் ஆம்ப்ளிபயர். மேடையில் எந்தச் சத்தத்தில் வாசிக்கிறேனோ அதே சத்தத்தில்தான் ஸ்டூடியோவிலும் வாசிப்பேன் என்று நின்றார். ஒலிப்பதிவுக்காரர்கள் திகைத்துப்போனார்கள். மற்றவர்களின் மைக்கில் எல்லாம் கிதார் புகுந்துவிடும், கொஞ்சம் குறையுங்கள் என்றார்கள். அவர் குறைக்கவில்லை. அந்த இசைத்தட்டு வெளிவந்த பிறகு இங்கிலாந்தில் கிதார் பழகிய பையன்கள் எல்லோரும் அந்த ஒலியைத் தேடித்தான் அலைந்தார்கள்.

கிளாப்டன் பிடிவாதம் பிடித்ததற்கு வலுவான காரணம் இருந்தது. வால்வ் ஆம்ப்ளிபயரை அதன் எல்லைவரை திருகி வைத்தால் சத்தம் கூடுவதோடு ஒலியின் குணமும் மாறிவிடும். சுரம் தடிக்கும், ஓரங்களில் கரகரக்கும், சட்டென்று அணையாமல் நீளும். சாதாரண மரக் கிதாரில் ஒரு தந்தியை மீட்டினால் ஒலி பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கிவிடுகிறது. மின் கிதாரில் தந்திக்குக் கீழே பிக்கப் இருக்கிறது. காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியும்தான் அது. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் கலைந்து செப்புச் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. ஆம்ப்ளிபயர் அதைப் பன்மடங்காக்குகிறது. சத்தம் போதுமான அளவுக்கு ஏறிவிட்டால், ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் காற்றதிர்வே தந்தியைத் திரும்ப உலுக்கி ஒலியை ஓயவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

விரலால் பறித்து மீட்டும் வாத்தியங்கள் எதற்கும் அதுவரை கிடைக்காத வசதி இது. புல்லாங்குழலுக்கும் வயலினுக்கும் குரலுக்கும் மட்டுமே இருந்த நீண்ட மூச்சு கிதாருக்கும் வந்தது. மீட்டியாகிவிட்டது, சுரம் இன்னும் உயிரோடு இருக்கிறது, இனி அதை என்ன செய்வது? பெரிய ராக் கிதார் கலைஞர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது இந்தக் கேள்விக்கு அவர்களுடைய விரல்கள் சொல்லும் பதில்தான். எத்தனை சுரங்களை எவ்வளவு வேகமாக அடித்தார்கள் என்பது இரண்டாம் பட்சம்.

இதற்கு முதல் பாடம் நடத்தியவர் ராக் கலைஞரே இல்லை. 1925-ல் மிஸிஸிப்பியில் பிறந்த பி.பி. கிங் புளூஸ்காரர். அவருடைய உறவினர் புக்கா ஒயிட், தந்தியின் மேல் உலோகத்தை வழுக்கவிட்டு வாசிக்கும் ஸ்லைடு முறையில் தேர்ந்தவர். அந்த ஒலியின் மேல் கிங்குக்குத் தீராத ஆசை. ஆனால் ஸ்லைடு அவருக்குக் கைவரவில்லை. அந்த நடுக்கத்தை வெறும் விரலிலேயே வரவழைக்க முயன்றார். அழுத்திய விரலை எடுக்காமல் மணிக்கட்டை விரைவாக அசைத்தால் சுரம் மேலும் கீழுமாகத் துடிக்கும். வைப்ரட்டோ எனப்படும் அந்தத் துடிப்பு அவருக்கே உரிய அடையாளமாகிவிட்டது. பாடும்போது அவர் கிதாரை வாசிக்கமாட்டார், வாசிக்கும்போது பாடமாட்டார். ஒரு வரியைக் குரல் சொன்னால் அடுத்த வரியைக் கிதார் சொல்லும். பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கவிடும் கார்டு வாசிப்பதில் தனக்குச் சாமர்த்தியம் போதாது என்பதை அவரே ஒளிக்காமல் சொன்னார். ஆனால் அவர் ஒரே ஒரு சுரத்தைத் தொட்டால் போதும், இன்னார் என்று தெரிந்துவிடும். கிளாப்டனும் கிதார் கலைஞர் பீட்டர் கிரீனும் அந்தப் பள்ளியில் படித்தவர்கள்தான்.

வைப்ரட்டோவின் உடன்பிறப்பு, தந்தியை வளைப்பது. கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃபிரெட் ஒன்றில் அழுத்திய தந்தியைக் குறுக்குவாட்டில் தள்ளினால் அதன் இழுவிசை கூடிச் சுரம் மேலேறும். வீணையில் மெட்டின் மேல் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதும் இதே இயக்கம்தான். அதனால்தான் கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு ராக் கிதாரின் இந்த இடம் அந்நியமாகப் படுவதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். வளைத்த தந்தி போய்ச் சேரவேண்டிய இடத்தில் ஃபிரெட் எதுவும் இல்லை. எவ்வளவு தள்ளினால் அடுத்த சுரம் சரியாக நிற்கும் என்பதைக் காது மட்டுமே சொல்ல முடியும். ஒரு நூலிழை குறைந்தால் அபசுரம். பழைய கிதார்களில் கட்டிய தடித்த தந்திகளை இப்படி வளைப்பது பெரும்பாடு. 1950-களில் ஜேம்ஸ் பர்ட்டன் போன்றவர்கள் பேஞ்சோவுக்கான மெல்லிய தந்திகளை வாங்கிக் கிதாரில் கட்டிக்கொண்டார்கள். 1962-ல் எர்னி பால் மெல்லிய தந்திகளைத் தனிக் கட்டாகவே விற்கத் தொடங்கினார்.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மர் இந்த வளைப்புக் கலையின் பேராசிரியர். 1979-ல் வெளிவந்த ‘தி வால்’ தொகுப்பில் ‘கம்ஃபர்டப்ளி நம்’ பாடலின் இறுதியில் வரும் சோலோவை, அதாவது தனி வாசிப்பை, கேட்டால், அவர் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் பெரும்பாலும் தாவுவதில்லை என்பது புரியும். கீழிருந்து கிளம்புகிறார். தந்தியைத் தள்ளத் தள்ளச் சுரம் ஏறுகிறது. உச்சத்தைத் தொட்டதும் உடனே துடிக்கவிடுவதில்லை. ஒரு கணம் அசையாமல் நிறுத்துகிறார். அதன் பிறகுதான் விரலை அசைக்கிறார். அந்த ஒரு கணத் தயக்கம்தான் கேட்பவரின் நெஞ்சைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த சோலோ ஒரே மூச்சில் வந்ததும் இல்லை. பல முறை வாசித்துப் பதிவுசெய்து, ஒவ்வொன்றிலும் நல்ல வாக்கியங்களைக் குறித்துக்கொண்டு கோத்து எடுத்தது. தன் வாசிப்பைத் தானே ரசிகனாக உட்கார்ந்து கேட்டு, எது தேறும் எது தேறாது என்று தீர்ப்புச் சொல்லும் காது அவருக்கு இருந்தது.

கில்மர் வாசித்த கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019-ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது சுமார் 40 லட்சம் டாலருக்குப் போனது. அந்தப் பணத்தைப் பருவநிலை மாற்றத்துக்கு எதிராகச் சட்டப் போராட்டம் நடத்தும் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். விற்றுவிட்ட பிறகும் அவருடைய ஒலி அவரிடமேதான் இருக்கிறது. வேறு ஸ்ட்ராட்டை எடுத்து வாசித்தாலும் கில்மர் கில்மராகவே ஒலிக்கிறார்.

வாத்தியம் முக்கியமே இல்லை என்பது இதற்குப் பொருளாகாது. குயீன் குழுவின் பிரையன் மே தனக்கு வேண்டிய கிதாரைத் தானே செய்துகொண்டவர். 1963-ல், நல்ல கிதார் வாங்கக் காசில்லாத பதின்வயதுப் பையனாக, மின்பொறியியல் தெரிந்த தந்தையோடு சேர்ந்து வேலையைத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மேல்சட்டத்திலிருந்து கழுத்துக்கு மரம் கிடைத்தது. பழைய மோட்டார் சைக்கிளின் வால்வ் ஸ்பிரிங்குகளும் அம்மாவின் பின்னல் ஊசியின் நுனியும்கூட உள்ளே போயின. முடிக்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன. கிதாரின் உடலில் வேண்டுமென்றே வெற்றிடங்கள் விட்டிருந்தார். ஆம்ப்ளிபயருக்கு எதிரே நின்றால் சுரம் ஓயாமல் பாடவேண்டும் என்பதுதான் நோக்கம். பிளாஸ்டிக் பிக்குக்குப் பதிலாக ஆறு பென்னி நாணயத்தால் மீட்டினார். நாணயத்தின் பல் வைத்த ஓரம் தந்தியில் உரசும்போது ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் மெலிதான ஒரு சொரசொரப்பு ஒட்டிக்கொண்டு வரும். வானியற்பியலில் பாதியில் விட்ட முனைவர் பட்டத்தை 2007-ல் முடித்த அவர், அந்தக் கிதாரைத்தான் இன்றுவரை மேடையேற்றுகிறார். மனதில் ஓர் ஒலி முதலில் கேட்டது, அதைப் பிடிக்கக் கருவி பிறகு வந்தது. இந்த வரிசை முக்கியம்.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் விஷயத்தில் நேர் எதிர். கடையில் யாரும் வாங்கக்கூடிய சாதாரண ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்தான் அவருடையது. இடக்கைக்காரர் என்பதால் வலக்கைக் கிதாரைத் தலைகீழாகத் திருப்பித் தந்திகளை மாற்றிக் கட்டிக்கொண்டார். 1942-ல் சியாட்டிலில் பிறந்து, ராணுவத்தில் பாராசூட் வீரராகக் கொஞ்ச காலம் இருந்து, லிட்டில் ரிச்சர்ட், ஐஸ்லி பிரதர்ஸ் போன்றவர்களுக்குப் பக்கத்தில் நின்று வாசித்த அவரை 1966 செப்டம்பரில் மேலாளர் சாஸ் சாண்ட்லர் லண்டனுக்கு அழைத்து வந்தார். நான்கே ஆண்டுகள். 1970 செப்டம்பரில் 27 வயதில் இறந்துபோனார். அந்த நான்கு ஆண்டுகளில் அவர் செய்ததை மற்றவர்கள் இன்னும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மான்டெரே இசைவிழாவில் கிதாரைக் கொளுத்தியதோடும் பல்லால் வாசித்ததோடும் ஹெண்ட்ரிக்ஸைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அது அவருக்குச் செய்யும் அநியாயம். இரண்டரை நிமிடம்கூட ஓடாத ‘லிட்டில் விங்’ பாடலின் தொடக்கத்தைக் கேட்கவேண்டும். ஹெண்ட்ரிக்ஸின் கைகள் பெரியவை. கட்டைவிரலைக் கிதாரின் கழுத்துக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுவந்து தடித்த தந்தியை அழுத்திவிடுவார். அடித்தளச் சுரம் கட்டைவிரலின் பொறுப்பு. மற்ற நான்கு விரல்களுக்கும் முழு விடுதலை. அவை கார்டைப் பிடித்தபடியே அதன் உள்ளிருக்கும் சுரங்களைத் தட்டி, விட்டு, வழுக்கி, சின்னச் சின்ன மெட்டுகளாக உதிர்க்கும். ரிதம் கிதார், லீட் கிதார் என்று இரண்டு பேர் செய்யும் வேலையை ஒரே கை செய்கிறது. இரண்டுக்கும் நடுவே தையல் தெரியவில்லை. மிகப் பலர் இதை அச்சு அசலாக வாசித்துக் காட்டுகிறார்கள். சுரங்கள் எல்லாம் சரியாக இருக்கும். கார்டு ஒன்று அணைந்து அடுத்தது எழுவதற்கு இடையிலான அந்தச் சோம்பலான அசைவு மட்டும் கிடைப்பதில்லை.

அவருடைய நீண்ட சுரத்தைக் கேட்க வேறு இடத்துக்குப் போகவேண்டும். 1970 ஜனவரி முதல் நாள் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்த ‘மெஷின் கன்’. வியட்நாம் போர் உச்சத்திலிருந்த காலம். பன்னிரண்டு நிமிடத்துக்கும் மேல் ஓடும் அந்தப் பதிவில் பாடலின் முதல் பகுதி முடிந்ததும் சோலோ ஒரே ஒரு உயர்ந்த சுரத்தோடு தொடங்குகிறது. அந்தச் சுரம் நகர்வதில்லை. டிரம்ஸ் கீழே துப்பாக்கியாக வெடித்துக்கொண்டிருக்க, மேலே அது ஒரு தாயின் அலறலாக நீண்டுகொண்டே போகிறது. அடுத்த சுரம் எப்போது வரும் என்று காது தவித்துப்போகும் எல்லைவரை அதை நிறுத்திவைத்து, அதன் பிறகுதான் இறங்குகிறார். அதற்கு முந்தைய ஆகஸ்டில், உட்ஸ்டாக் விழாவின் கடைசிக் காலையில், அமெரிக்க தேசியகீதத்தைக் கிதாரிலேயே வாசித்து அதன் நடுவில் குண்டுவீச்சையும் விமானங்களின் ஓலத்தையும் கொண்டுவந்தாரே, அதைவிட ‘மெஷின் கன்’ ஒரு படி மேல். தேசியகீதத்தில் கேட்பவருக்கு மெட்டு முன்பே தெரியும். இங்கே பிடித்துக்கொள்ள எதுவுமில்லை, அந்த ஒற்றைச் சுரத்தைத் தவிர.

சுரத்தை நீட்டுவது ஒரு கலை என்றால், அதை வெட்டுவதும் கலைதான். ரசிகர்களின் பட்டியல்களில் ரிதம் வாசிப்பவர்களுக்கு இடம் கிடைப்பதேயில்லை. ஏசி/டிசி குழுவில் தம்பி ஆங்கஸ் யங் பள்ளிச் சீருடையில் மேடை முழுக்க ஓடி சோலோ வாசிப்பார். அண்ணன் மால்கம் பின்னால், டிரம்ஸ் பக்கத்தில், நின்ற இடத்தில் நின்றுகொண்டிருப்பார். ஆனால் அந்தக் குழுவின் முதுகெலும்பு மால்கம்தான். தன் கிரெட்ச் கிதாரில் இருந்த கூடுதல் பிக்கப்புகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். தடித்த தந்திகளைக் கட்டினார். ஆம்ப்ளிபயரில் கரகரப்பைப் பெரிதும் குறைத்து வைத்தார். கரகரப்பு குறைந்தால் தவறுகளை மறைக்கப் புகைமூட்டம் கிடையாது; ஆறு தந்திகளும் தனித்தனியாகக் கேட்கும்.

1980-ல் வெளிவந்த ‘பேக் இன் பிளாக்’ பாடலின் தொடக்கம் மூன்றே கார்டுகள். கிதார் பழகத் தொடங்கிய பிள்ளையும் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளும் கார்டுகள். ஒவ்வொன்றும் விழுந்ததும் உடனே அடைக்கப்படுகிறது. உள்ளங்கையும் விரல்களும் ஒரே நேரத்தில் தந்திகளின் மேல் படிந்து ஒலியைக் கொன்றுவிடுகின்றன. நடுவில் முழு நிசப்தம். அந்த நிசப்தத்தின் நீளம் ஒவ்வொரு முறையும் அணுவளவும் பிசகுவதில்லை. தலையாட்ட வைப்பது கார்டு இல்லை, கார்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. மிருதங்கத்தில் கார்வையின் அருமை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸும் இந்த வகைதான். அவர் கிதாரின் தடித்த தந்தியையே கழற்றிவிட்டு, மிச்சம் ஐந்தையும் வெறுமனே மீட்டினாலே ஜி கார்டு ஒலிக்கும்படி சுருதி சேர்த்துக்கொண்டார். அந்த ஐந்து தந்திகளிலிருந்துதான் ‘பிரவுன் சுகர்’, ‘ஸ்டார்ட் மி அப்’ எல்லாம் பிறந்தன.

பிளாக் சபாத் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமியின் கதை ராக் உலகில் பலரும் அறிந்ததுதான். ஆனால் அதன் உட்பொருள் சரியாகப் பேசப்படுவதில்லை. பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்த 17 வயதுப் பையன். இசைக்குழுவோடு பயணம் கிளம்புவதற்காக வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், இயந்திரத்தில் சிக்கி வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. அவர் இடக்கைக்காரர், தந்தியை அழுத்தவேண்டிய கை அதுதான். மனமொடிந்து கிடந்தவரிடம் தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவரின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். தீ விபத்தில் இடக்கை கருகி, பெரும்பாலும் இரண்டே விரல்களால் வாசித்த ஜாஸ் மேதை அவர். அயோமி பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்குக் குல்லாய் செய்தார். மேலே தோல் ஒட்டினார். பிளாஸ்டிக் விரலுக்குத் தந்தியின் தொடுஉணர்ச்சி கிடையாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால்தான் அறியவேண்டும். மெல்லிய தந்திகளைத் தேடிக் கட்டினார். பிறகு 1971-ல் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தொகுப்பின்போது சுருதியையே மூன்று அரைச்சுரம் கீழே இறக்கித் தந்திகளைத் தளர்த்தினார். விரலுக்கு வலி குறைந்தது; ஒலிக்குப் பாதாள கனம் வந்தது.

குழுவின் பெயரையே கொண்ட, அவர்களின் முதல் தொகுப்பின் முதல் பாடலில், அவர் வாசிக்கும் ரிஃப்பில், அதாவது திரும்பத் திரும்ப வரும் வாக்கியத்தில், மூன்றே சுரங்கள். ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து பிரதி மத்யமம். கடைசிச் சுரத்தை அப்படியே விடாமல் விரலால் தட்டித் தட்டி நடுங்கவிடுகிறார். கல்யாணியில் அத்தனை மங்களமாக ஒலிக்கும் அதே பிரதி மத்யமம், இங்கே தனியாக, மெதுவாக, அந்தக் கரகரப்போடு வரும்போது முதுகுத்தண்டு சில்லிடுகிறது. ஹெவி மெட்டல் என்ற வகையே 1970-ல் இந்த மூன்று சுரங்களிலிருந்து புறப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

இனி வேகம். வேகத்தை இளப்பமாகப் பேசுவது ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது, அது தவறு. எடி வான் ஹேலன் 1978-ல் ‘இரப்ஷன்’ என்ற தனி வாசிப்பை வெளியிட்டபோது அது 1 நிமிடம் 42 விநாடிதான் ஓடியது. வலக்கை விரலையும் ஃபிரெட்டின் மேல் கொண்டுவந்து தட்டி, இரு கைகளாலும் சுரங்களைக் கொட்டும் அந்த முறையை அவருக்கு முன்பே சிலர் கையாண்டிருந்தார்கள். ஆனால் அவர் கையில்தான் அது ஒரு மொழியானது. அதன் பிறகு வந்த ஆயிரக்கணக்கானவர்கள் அவரைவிட வேகமாகவே வாசிக்கிறார்கள். யாரும் அவரைப்போல ஒலிப்பதில்லை. காரணம் அவருடைய லயம். சிறுவயதில் பியானோ போட்டிகளில் பரிசு வாங்கியவர். வீட்டில் முதலில் டிரம்ஸ் பழகியவரும் அவர்தான். அண்ணன் அலெக்ஸ் டிரம்ஸைத் தன்னைவிட நன்றாக வாசிக்கிறார் என்று கண்டதும் கிதாருக்கு மாறினார். அத்தனை வேகத்திலும் தாளத்துக்குள் கொஞ்சம் முன்னே பாய்ந்து, கொஞ்சம் பின்னே சாய்ந்து விளையாடும் குறும்பு அங்கிருந்து வந்தது. மைக்கேல் ஜாக்சனின் ‘பீட் இட்’ பாடலுக்குக் காசு வாங்காமல் அவர் வாசித்துக் கொடுத்த சோலோவைக் கேட்டாலே போதும். அரை நிமிட அவகாசத்தில் சிரிப்பு, அழுகை, சவால் எல்லாம் வந்துபோகின்றன.

இந்தப் பேச்சில் ஒரு பெண்ணின் பெயர் வராமல் போவது வழக்கமாகிவிட்டது. 1915-ல் ஆர்கன்சாவில் பிறந்த சிஸ்டர் ரோசெட்டா தார்ப், தேவாலயத்தில் வளர்ந்த நற்செய்திப் பாடகி. சக் பெர்ரிக்கும் எல்விஸுக்கும் முன்பே மின் கிதாரைத் தோளில் மாட்டி, கரகரப்பான சோலோக்களால் சபையை எழுப்பியவர். 1964-ல் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ரயில் நிலையம் ஒன்றில் மழைக்கு நடுவே அவர் வாசித்ததைத் தொலைக்காட்சிக்காகப் படம்பிடித்திருக்கிறார்கள். ரசிகர்கள் எதிர் நடைமேடையில். அவர் மேல்கோட்டோடு வந்து வெள்ளை நிற கிப்சனை எடுத்து மாட்டிக்கொண்டு, மழையைப் பற்றிய பாட்டையே தொடங்குகிறார். தந்தியை வளைத்து நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் தலையசைக்கும் அந்த அதிகாரம் ஹெண்ட்ரிக்ஸுக்கு முந்தையது. ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொள்ள 2018 வரை ஆகிவிட்டது. அவர் 1973-லேயே இறந்துபோயிருந்தார்.

இத்தனை பேரையும் சொன்ன பிறகு, ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பதில் ஜெஃப் பெக்.

1944-ல் லண்டனின் தெற்கே வாலிங்டனில் பிறந்தவர். 1965-ல் யார்ட்பேர்ட்ஸ் குழுவிலிருந்து கிளாப்டன் விலகியதும் அந்த இடத்துக்கு வந்தார். வந்த சில மாதங்களில் ‘ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்’ என்ற பாடல். முதலில் சிதார் கலைஞர் ஒருவரை அழைத்துப் பதிவுசெய்து பார்த்தார்கள். ராக் குழுவின் நடுவே சிதாரின் ஒலி எடுபடவில்லை. பெக், ஒலியைக் கரகரக்க வைக்கும் ஃபஸ் பெட்டியை மாட்டிக்கொண்டு, தந்தியை வளைத்து அந்தச் சிதார் வாக்கியத்தைக் கிதாரிலேயே கொண்டுவந்துவிட்டார். வயது 20, 21. ஐரோப்பியச் சுரங்களுக்கு நடுவே இருக்கும் இடங்களை அந்தக் காது அப்போதே தேடத் தொடங்கிவிட்டது.

அந்தத் தேடலுக்குத் தென்னிந்தியாவோடு ஒரு மறைமுகத் தொடர்பும் உண்டு. பெக்கை மிகவும் பாதித்தவர்களில் ஒருவர் ஜான் மெக்லாஃப்லின். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை பயின்றவர் அவர். எல். சங்கர், ஜாகிர் உசேன், டி.எச். விநாயக்ராம் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவை அமைத்தவர். அந்தக் குழுவுக்காக அவர் செய்வித்த கிதாரில் ஃபிரெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்தார்கள், தந்தியை வீணையைப்போல இழுத்துக் கமகம் பிடிப்பதற்காக. மெக்லாஃப்லினின் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவைக் கேட்ட பிறகுதான் பெக் பாடகரே இல்லாத இசைத்தட்டுகளின் பக்கம் திரும்பினார். பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் தயாரிப்பில் 1975-ல் ‘புளோ பை புளோ’ வந்தது. அதில் ஸ்டீவி வொண்டர் எழுதிய ‘காஸ் வீ’வ் எண்டட் ஆஸ் லவ்வர்ஸ்’ பாடலில் பாடகர் கிடையாது. கிதாரே பாடுகிறது. தொடக்கச் சுரங்களுக்கு மீட்டும் சத்தமே இல்லை. வால்யூம் குமிழை மூடிவைத்து மீட்டிவிட்டு, அதன் பிறகு மெல்லத் திறக்கிறார். சுரம் மூச்சைப்போல வெளியே வருகிறது.

1980-களில் பிக்கைக் கைவிட்டார். வலக்கை முழுவதும் கிதாரின் மேல் படிந்துவிட்டது. கட்டைவிரல் மீட்டும், சுண்டுவிரல் வால்யூம் குமிழைத் திருகும், வாமி பார் எனப்படும் உலோகத் தண்டு உள்ளங்கைக்குக் கீழேயே இருக்கும். அதை அழுத்தினால் எல்லாத் தந்திகளும் தளர்ந்து சுரம் இறங்கும், தூக்கினால் ஏறும். மற்றவர்கள் அந்தத் தண்டைக் குண்டு விழும் ஓசைக்குப் பயன்படுத்தினார்கள். பெக் அதை வைத்து மெட்டே வாசித்தார். 1989-ல் வந்த ‘வேர் வேர் யூ’ அதன் உச்சம். பல்கேரியப் பெண்களின் சேர்ந்திசையைக் கேட்டு அதில் கிறங்கி உருவாக்கியது. தந்தியை அழுத்தாமல் குறிப்பிட்ட இடத்தில் லேசாகத் தொட்டு மீட்டினால் மணியோசை போன்ற ஒரு சுரம் வரும். அதன் இடம் நிலையானது; நகர்த்த ஃபிரெட் உதவாது. பெக் அந்த மணிச்சுரத்தை எழுப்பிவிட்டு, வாமி பாரை மிக மெதுவாக நகர்த்தி அடுத்த சுரத்தையும், அதற்கடுத்ததையும் பிடிக்கிறார். ஒரே மீட்டலில் முழு வாக்கியம். ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு தண்டை எத்தனை மில்லிமீட்டர் அழுத்தினால் சுருதி சுத்தமாக நிற்கும் என்று அவருடைய உள்ளங்கைக்குத் தெரிந்திருக்கிறது. மீட்டிய பிறகு ஒரு சுரத்துக்கு என்னவெல்லாம் நேரலாம் என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய பதிலை ராக் இசை இன்னும் கண்டதில்லை.

பழைய கார்களைப் பிரித்து மாட்டுவதில் பொழுதைக் கழித்தார். புகழைத் துரத்தவில்லை. அதனால் கிளாப்டனும் ஜிம்மி பேஜும் அறியப்பட்ட அளவுக்குப் பொதுமக்களிடம் அவர் பெயர் போய்ச் சேரவில்லை. கிதார் கலைஞர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும். 2009-ல் தனிக் கலைஞராக அவரைப் புகழ் மண்டபத்தில் வரவேற்றுப் பேசியவர் பேஜ்தான். 2023 ஜனவரி 10-ம் தேதி, 78 வயதில், பெக் காலமானார்.

தமிழ் வாசகர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த ‘நாடியா’ போதும். லண்டன்வாழ் இந்திய வம்சாவளி இசையமைப்பாளர் நிதின் சாஹ்னியின் 1999-ம் ஆண்டுத் தொகுப்பில் ஸ்வாதி நாடேகர் இந்துஸ்தானி பாணியில் பாடிய பாடல் அது. 2001-ல் பெக் அதைக் கிதாரில் வாசித்தார். முதலில் பாடலைக் கேளுங்கள். உடனே கிதாரைக் கேளுங்கள். குரல் எங்கே ஊசலாடி இறங்குகிறது, எங்கே பிடித்து நிற்கிறது, கடைசி அசைவு எங்கே மறைகிறது என்று ஒவ்வோர் இடமாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஹெட்போன் அவசியம், போனின் சின்ன ஸ்பீக்கரில் சுரத்தின் தொடக்கம் மட்டும்தான் கேட்கும், அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் காணாமல் போய்விடும்.